நகராத முட்டை

என் பெண்டாட்டி செலாவுக்குச் சாப்பிட்டது கீழே இறங்குவதில்லை. காலையில் தின்ற ரொட்டி சாயங்காலம் வரைக்கும் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அப்புறம் தின்ற மாதிரியே வெளியே வரும். ஒரு வருஷமாக இந்தக் கூத்துதான். அவளுக்குச் சர்க்கரை வியாதி. அது இருக்கிறவர்களுக்கு இப்படி வருமாம், வராமலும் இருக்குமாம். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குழாய் விட்டுப் பாத்தாச்சு. புண்ணும் இல்ல, அடைப்பும் இல்ல. இந்த ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். இதுலயும் ஒண்ணும் தெரியலன்னா மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட அனுப்புறேன்."

நான் கான்கிரீட் லாரி ஓட்டுகிறவன். ஆள் கொஞ்சம் அகலம். நான் நாற்காலியை விட்டு எழுந்தாலே சில பேருடைய கண் கதவுப் பக்கம் போகும். அன்றைக்கும் எழுந்தேன். செலா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

திரும்பி வரும்போது காரில் அவள் மெதுவாகக் கேட்டாள். "மாக்கா, அந்த ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியலன்னா? அப்ப நானாத்தான் இதெல்லாம் பண்ணிக்கிறேனா?"

"யாரு சொன்னா? அவன் வயித்துல ஒரு நாள் இப்படிக் கிடக்கட்டும், அப்பத் தெரியும்."

"எனக்கே சந்தேகமா இருக்கு."

வலியைத் தாங்கலாம், வாந்தியைத் தாங்கலாம். தன்னையே நம்பாமல் போய்விட்டால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? எனக்கு அந்த ஸ்கேன் வேண்டும். அது உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஸ்கேனுக்குத் தயாராவதே ஒரு தண்டனை. வாந்தியை நிறுத்துகிற மாத்திரையைச் சனிக்கிழமையே நிறுத்திவிட வேண்டும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் தொடக் கூடாது. மாத்திரை உள்ளே இருந்தால் வயிறு தன் நிஜ முகத்தைக் காட்டாதாம். வலி மாத்திரையும் கூடாது. முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்த முட்டையும் ஜாம் தடவிய ரொட்டியும் தருவார்கள். அதைப் பத்து நிமிஷத்துக்குள் தின்று முடித்து, பிறகு நாலு மணி நேரம் வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டும். எடுத்துவிட்டால் போச்சு. மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

இதெல்லாம் போதாதென்று நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் சபை, சபை முடிந்தால் என் அக்கா மெலியானே வீட்டில் சாப்பாடு. அதில் மறுபேச்சே கிடையாது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டோங்கா தீவு ஆட்களிடம் தம்பியை விட அக்கா ஒரு படி உயரம். தம்பி பிள்ளைகளின் கல்யாணமோ சாவோ, மரியாதைக்குக் கொடுக்கிற முதல் பாய் அவளுக்கு, முதல் தட்டு அவளுக்கு. அவள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல என் வீட்டில் யாருக்கும் நாக்கு கிடையாது. அதோடு அக்கா இருக்கும் இடத்தில் தம்பி வாயை அடக்கிப் பேச வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அவள் படுக்கிற அறைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. அவள் காதுபட வயிறு, வாந்தி, கக்கூஸ் என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தால் செத்துப் போன என் அப்பா எழுந்து வந்து அறைவார். ஆஸ்திரேலியாவில் இந்த மவுண்ட் ட்ரூயிட்டுக்குக் குடிவந்து இருபது வருஷம் ஆகியும் இதில் மட்டும் ஒரு இம்மி மாறவில்லை.

ஆகவே செலாவுக்கு என்ன என்று அக்காவுக்குத் தெரியாது. நான் சொல்ல முடியாது, செலா சொல்லக் கூசுவாள். அக்கா கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், தன் தம்பி பெண்டாட்டி தன் வீட்டுச் சாப்பாட்டில் நாலு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்தில் குழி வெட்டி உமு அடுப்பு மூட்டி, சுடுகற்களுக்கு நடுவிலிருந்து பொதிகளை எடுத்து அடுக்கினாள். சேம்பிலைக்குள் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் வெந்த வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். அதில் பெரிய பொதியாக ஒன்றைப் பிரித்து செலா முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு செலா. காத்தடிச்சாப் பறந்துடுவ போலிருக்கு. எந்தம்பி உனக்குச் சோறு போடலன்னு ஊரே என்னைக் கேக்குது."

"சாப்பிடுறேன் அண்ணி."

மாத்திரை இல்லாத வயிறு. அவள் முகம் வெளுப்பதை நான் எதிர்ப் பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். கொடுத்தது அண்ணியாயிற்றே! நான்காவது வாயில் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் நடந்தாள், நடந்து கொஞ்ச தூரம் போனதும் ஓடினாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, பொதியைப் பார்த்தாள். "மகாராணிக்கு நம்ம கைச்சோறு எறங்காது போல," என்று தன் மகளிடம் சொன்னாள். எனக்குச் சொன்னதுதான் அது. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். மூடின வாய்க்குள் ஒரு சேப்பங்கிழங்கை அடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் செலா குளியலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். வாந்தி வர ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் வந்துகொண்டிருந்தது. மாத்திரை டப்பா என் கையில் இருந்தது. என் கையே எனக்குப் பகையாகிவிட்டது போலிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"வயித்துக்குத் தெரியும்," என்றாள். "மாக்கா, அந்த டப்பாவ எடுத்துட்டுப் போய் உன் லாரில வை. நான் கேட்டாலும் தராத. அழுதாலும் தராத."

"நீ அழுதா நான் குடுத்துடுவேன்டி. என்னைப் பத்தித் தெரியாதா?"

"அதான் லாரில வைக்கச் சொல்றேன், தடியா."

வைத்துவிட்டு வந்தேன். வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் குளியலறையில் நான் உட்கார்ந்தால் கதவு மூடாது. அவள் என் தோளில் சாய்ந்து, "நாளைக்கு மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுறேன்," என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குச் சர்க்கரை பார்த்து, நர்ஸ் சொன்ன அளவுக்கு ஊசி போட்டு, கதவைத் திறந்தால் வாசலில் அக்கா நிற்கிறாள். கறுப்பு உடுப்பு, இடுப்பில் மரியாதைக்குச் சுற்றிக் கட்டுகிற பாய், கையில் பாட்டுப் புத்தகம். நேற்று ராத்திரி சபை ஜெபத்தில் போதகர் செலாவின் ஆஸ்பத்திரிச் சோதனைக்காக ஜெபம் பண்ணியிருக்கிறார், அது அவள் காதில் விழுந்திருக்கிறது. "சர்க்கரைக்கு ஏதோ சோதனையாமே. நானும் நேத்து ராத்திரிலேருந்து உபவாசம். அவ பட்டினி கிடக்கறப்ப நான் திங்கவா?" என்று சொல்லிக்கொண்டே காரின் பின் சீட்டில் செலாவுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டாள். அவளை இறங்கு என்று சொல்ல ஆஸ்திரேலியாவிலேயே ஆள் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு நான் கார் நிறுத்த இடம் தேடிப் போனேன். அந்த வட்டாரத்தில் இடம் கிடைத்தால் அதுவே ஒரு அற்புதம். நான் சுற்றிச் சுற்றி வந்து, யாரோ ஒருத்தன் வண்டியை எடுக்கிறானா இல்லையா என்று சன்னல் வழியாக முறைத்து, ஒருவழியாக நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் பெயர் நாடின். லெபனான்காரர்கள் வீட்டுப் பெண், வாயாடி, நல்ல பிள்ளை. காலித் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "ஆன்ட்டி சூப்பர்! பத்து நிமிஷம் குடுத்தேன், பாதி நேரத்துலயே தட்டு காலி. எல்லாரும் இப்படி இருந்தா எனக்குத் தலைவலியே இல்ல."

நான் செலாவைப் பார்த்தேன். அரை ரொட்டியை அரை மணி நேரம் கடிக்கிறவள் இவள். அவள் தரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தேன். ராத்திரியிலிருந்து உபவாசம் இருக்கிற என் அக்காவின் மேலுதட்டில் சிவப்பாக ஜாம். கறுப்பு உடுப்பில் முட்டைத் துணுக்கு ஒன்று வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. செலாவை யார் என்ன சொல்லியும் மாற்ற முடியாது. அண்ணி பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தனக்கு மட்டும் தட்டு வந்தால் அவளால் தனியாகத் தின்ன முடியாது. எங்கள் ஆட்களில் எவளாலும் முடியாது. பிட்டுக் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததை அக்கா வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"வாங்க ஆன்ட்டி, இந்த ரெண்டு கேமராத் தட்டுக்கு நடுவுல நில்லுங்க, மொத படம் எடுத்துரலாம்," என்று நாடின் செலாவைக் கூப்பிட்டாள்.

செலா என்னைப் பார்க்காமல் எழுந்தாள். அண்ணியைக் காட்டிக்கொடுப்பதற்குப் பதில் அவள் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடமே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் பேசினால் அன்னியப் பெண் ஒருத்தி முன்னால் என் அக்காவின் தப்பைச் சொன்னவன் ஆவேன். அப்படி ஒன்றை எங்கள் குடும்பத்தில் எவனும் செய்ததில்லை. பேசாவிட்டால் இந்த ஸ்கேன் பொய்யாகிவிடும், மூன்று நாள் அவள் தரையில் கிடந்ததெல்லாம் வீணாகிவிடும்.

"நில்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்த முட்டைய இவ முழுசாத் திங்கல. என் அக்கா தின்னிருக்காங்க."

அக்காவின் முகம் இறுகிவிட்டது.

நாடின் கண்ணை அகல விரித்தாள். "ஐயோ ஆன்ட்டி! அந்த முட்டைல மருந்து இருக்கு! கேமராவுக்குத் தெரியறதுக்காக, கதிர் வீசற மருந்து!"

"மருந்தா?" என்றாள் அக்கா. "அதான் ருசியே இல்ல. உப்புப் போட மறந்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

"யாராவது குடுத்தா வாங்கித் தின்னுடறதா?"

"குடுத்ததைத் தள்ளுவாங்களா? அதோட நீதானே பத்து நிமிஷத்துல முடிக்கணும்னு சொல்லிட்டுப் போன. இவ ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி கொட்டுது. முடிக்கலன்னா திட்டுவியோன்னு பயந்துட்டேன். அதான் முடிச்சு விட்டேன்." பிறகு மெல்லச் சொன்னாள், "எங்க சபை விருந்துலயும் இவ தட்டுல மிச்சம் இருந்தா நாந்தான் முடிச்சு விடுவேன். பாக்கறவங்க ஒண்ணு சொல்லிடக் கூடாதில்ல."

செலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது எனக்குத் தெரியாது.

நாடின் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "எங்கம்மாவும் இதேதான் பண்ணியிருப்பாங்க," என்று முணுமுணுத்துவிட்டு அந்தப் பிரிவு டாக்டருக்குப் போன் போட்டாள். பேசிவிட்டுத் திரும்பினாள். அளவு கொஞ்சம்தான், அக்காவுக்குப் பயமில்லை என்றாள். வயிற்றில் பிள்ளை எதுவும் இல்லையே என்று கேட்டாள். ஐம்பத்தெட்டு வயசு அக்கா, "கர்த்தர் அப்படி விளையாட மாட்டார்," என்றாள். செலா பாதிக்கு மேல் தின்றிருந்தால் ஸ்கேனைத் தொடரலாமாம். குறைவென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எவ்வளவு தின்னாங்கன்னு கேக்க வேண்டியதே இல்ல. கேமராவே சொல்லும்," என்று நாடின் முதலில் செலாவை நிற்க வைத்தாள். பிறகு அக்காவை, இடுப்புப் பாயைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கச் சொன்னாள். அக்கா போட்டோவுக்கு நிற்கிற மாதிரி கூந்தலைச் சரி செய்துகொண்டு நின்றாள். நாடின் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டாள்.

"பாதிக்கு மேல செலா ஆன்ட்டிகிட்டதான் இருக்கு. கொஞ்சம் மேலதான். போதும். தொடரலாம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் காத்திருப்பு. நான் நடையின் அந்தக் கோடியில், அவர்கள் இருவரும் இந்தக் கோடி பெஞ்சில். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. செலா இரண்டு கையாலும் பெஞ்சு விளிம்பைப் பிடித்து, வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நாடின் ஒரு வாந்திப் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "முடிஞ்ச வரைக்கும் அடக்குங்க ஆன்ட்டி. இத்தனை நாள் மாத்திரை இல்லாம இருந்துட்டீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"இவளுக்கு என்னதான் பண்ணுது?" என்று அக்கா கேட்டாள். "சர்க்கரைச் சோதனைக்கு எதுக்கு வாந்திப் பை?"

நாடினுக்கு எங்கள் வழக்கமெல்லாம் என்ன தெரியும்? இவர்களிடம் சொல்லலாமா என்று அக்காவைக் காட்டி செலாவிடம் கேட்டாள். செலா தலையாட்டினாள். அந்தப் பெண் போட்டு உடைத்துவிட்டாள். வயிறு சாப்பாட்டைத் தள்ள மாட்டேன் என்கிறதா என்று பார்க்கிறார்கள், முந்தா நாள் தின்றதுகூட உள்ளே கிடக்கலாம், ஒரு வருஷமாக வாந்தி, இதிலும் தெரியாவிட்டால் மனசுக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கோடியிலிருந்த எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா செலாவின் கையைப் பெஞ்சிலிருந்து பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செலாவுக்குக் குமட்டல் ஏறும்போதெல்லாம் அந்தக் கையை அழுத்தினாள், அடங்கியதும் விட்டாள். சபைப் பாட்டு ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடினாள். செலா மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து அந்தப் பாட்டின் தாளத்துக்கு விட்டாள். நடுவில் இரண்டு தடவை படம் எடுக்கப் போனாள், வந்தாள். பை காலியாகவே இருந்தது.

கடைசிப் படத்துக்குக் கூப்பிட்டபோது அக்காவும் எழுந்தாள். "என்னையும் எடு," என்றாள் நாடினிடம்.

"உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி?"

"நானும் அதே முட்டையத்தானே தின்னேன். எடும்மா. நான் பாக்கணும்."

நாடின் யோசித்தாள். மறுபடி டாக்டருக்குப் போன் போட்டாள். கேமரா உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை, பார்க்க மட்டும்தான் செய்யும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு நிற்க வைத்தாள். எடுத்து முடித்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்," என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? கண் இருந்தால் போதும். அக்காவின் படத்தில் வயிறு இருட்டு, முட்டை இருந்த இடமே தெரியவில்லை, கீழே குடலில் புகை மாதிரி கொஞ்சம். செலாவின் படத்தில் காலையில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில், அதே வெளிச்சத்தோடு முட்டை அப்படியே நின்றது. ஒரு விரல்கூட நகரவில்லை.

செலா திரையைத் தொடப் போகிறவள் போலக் கையை நீட்டினாள். "இருக்கு," என்றாள். "மாக்கா, பாத்தியா, இருக்கு. நான் பொய் சொல்லல." அப்படியே விசும்பி விசும்பி அழுதாள். வியாதி உறுதியானதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டு அழுதவளை நான் பார்த்ததில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

வெளியே வந்து பெஞ்சில் செலாவை உட்கார வைத்தோம். அக்கா அவள் முன்னால் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம நான் வச்ச பொதி. அதுவும் இப்படித்தான் நின்னுதா?"

"ஆமா அண்ணி."

"போன வருஷம் பூரா வச்சதெல்லாம்?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் தின்னியா?"

"நீங்க குடுத்தது, அண்ணி."

அக்கா செலாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்பில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் அந்த முடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "மாக்கா," என்றாள்.

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். விழட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

"இங்க வந்து உக்காரு."

"அக்கா?"

"உக்காருடா."

செலாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அக்காவோடு ஒரே பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இப்பச் சொல்லு. இவளுக்கு என்னென்ன பண்ணுது, எப்பல்லாம் பண்ணுது, எதைக் குடுத்தா நிக்குது, எதைக் குடுத்தா நிக்கல. எல்லாத்தையும் சொல்லு."

"அக்கா, அதையெல்லாம் எப்படி உங்க முன்னால..."

"எம் முன்னாலதான் சொல்லணும். சொல்லாம சொல்லாமதான இந்தப் பொண்ண இந்தப் பாடு படுத்தியிருக்கோம்." அவள் முகத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். "நான் செவத்தைப் பாத்துக்கிறேன். உனக்குக் கூச்சமா இருந்தா நீயும் செவத்தைப் பாரு. சொல்லு."

நடுவில் செலா கண்ணை மூடி அக்கா மேல் சாய்ந்திருந்தாள். நான் தொண்டையைக் கனைத்தேன், சுவரைப் பார்த்தேன், வாந்தியிலிருந்து ஆரம்பித்தேன்.